பெட்டிக்கடையிலிருந்து தெருவுக்கு இணையம்: பிஎம்-வாணி வைஃபை நிலையம் தொடங்கும் முறை

வீட்டில் தொலைபேசி இல்லாதவர்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பேசிய காலம் பலருக்கும் நினைவிருக்கும். அதே ஏற்பாட்டை இணையத்துக்கும் கொண்டுவரும் நோக்கத்துடன் 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அந்நாளைய பி.சி.ஓ., அதாவது பொதுத் தொலைபேசி நிலையம், என்ற பெயரை ஒட்டியே இதில் கடைக்காரருக்குப் பி.டி.ஓ., அதாவது பொதுத் தரவு நிலையம், என்று பெயர். சென்னையின் பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளிலும் அவற்றைப் போன்ற நெருக்கமான தெருக்களிலும் மளிகைக் கடையோ டீக்கடையோ ஜெராக்ஸ் கடையோ நடத்துபவர்களையும், குடியிருப்போர் நலச்சங்கத்தினரையும் மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

பி.டி.ஓ. தொடங்க உரிமம் தேவையில்லை. தொலைத்தொடர்புத் துறையில் பதிவும் கட்டணமும் கிடையாது. பதிவு செய்ய வேண்டியவர் உங்களுக்கு மேலே இருக்கும் ஒருங்கிணைப்பாளர், அவரைப் பி.டி.ஓ.ஏ. என்பார்கள். பயனரைச் சரிபார்ப்பது, பணம் வசூலிப்பது, பயன்பாட்டுப் பதிவுகளைச் சேமிப்பது ஆகிய பொறுப்புகள் அவரைச் சேர்ந்தவை. பதிவு பெற்ற ஒருங்கிணைப்பாளர்களின் பட்டியல் மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் பராமரிக்கும் மத்தியப் பதிவேட்டில் இருக்கிறது. அவர்களில் இருவர் மூவரிடமாவது பேசி, வருவாயில் உங்கள் பங்கு எவ்வளவு, அது எத்தனை நாளுக்கு ஒருமுறை கைக்கு வரும், ரவுட்டரை அவர்களே தருவார்களா, நுழைவுப் பக்கம் தமிழில் இருக்குமா என்று கேட்டு, பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது இணைப்பு. இத்திட்டம் பல ஆண்டுகள் தள்ளாடியதே இந்த இடத்தில்தான். 2022க்குள் நாடெங்கும் ஒரு கோடி பொது வைஃபை இடங்கள் என்று 2018ஆம் ஆண்டின் தேசிய டிஜிட்டல் தகவல்தொடர்புக் கொள்கை இலக்கு வைத்தது. அதன் அருகில்கூடப் போக முடியவில்லை. வீட்டு ஃபைபர் இணைப்பைப் போலப் பல மடங்கு விலையுள்ள தனிக்கம்பி (லீஸ்டு லைன்) இணைப்பை எடுக்கச் சொன்னால் எந்தப் பெட்டிக்கடைக்காரர் முன்வருவார்? 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட கட்டண ஆணை இதற்கு வரம்பு கட்டியது. 200 எம்.பி.பி.எஸ். வேகம் வரையிலான ஃபைபர் திட்டங்களுக்கு, வீட்டு வாடிக்கையாளரிடம் வாங்கும் கட்டணத்தைப் போல இரு மடங்குக்கு மேல் பி.டி.ஓ.விடம் வாங்கக்கூடாது. வீட்டுக்கு 700 ரூபாய்க்குத் தரும் வேகத்துக்கு உங்களிடம் 1,400 ரூபாய்க்கு மேல் கேட்டால் இந்த ஆணையைச் சுட்டிக்காட்டுங்கள். செலவை மிச்சப்படுத்துவதாக நினைத்து வீட்டு இணைப்பையே சத்தமில்லாமல் பங்கிட வேண்டாம். யாரோ செய்யும் குற்றத்துக்கு விசாரணை உங்கள் வாசலுக்கு வரும்.

வருமானக் கணக்கையும் இப்போதே போட்டுவிடலாம். ஐந்து ரூபாய் இணையக் கூப்பன் நாளுக்குப் பத்து விற்றால் மாதம் 1,500 ரூபாய் வரும். ஒருங்கிணைப்பாளரின் பங்கு போக மிஞ்சுவதில் இணைப்புக் கட்டணமே கட்ட முடியாமல் போகலாம். ஆகவே இதைத் தனித் தொழிலாகப் பார்க்காமல், கடைக்கு ஆள் வரவழைக்கும் ஏற்பாடாகக் கருதுவதே என் பார்வையில் சரி. நலச்சங்கம் நடத்துவதானால் சந்தாவிலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கலாம்.

ரவுட்டரைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தரையிலிருந்து எட்டு அடிக்கு மேலே, தெருவைப் பார்த்தபடி, இரும்பு ஷட்டரின் மறைவில் படாமல் அது இருக்க வேண்டும். ஷட்டரை இறக்கியதும் சிக்னல் செத்துப்போவதற்கு அந்தத் தகடே காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைக் கடந்து அதிக தூரம் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் காங்கிரீட்டைத் தாண்டச் சிரமப்படும். அடுக்குமாடிப் பகுதியில் இரண்டையும் இயக்கிவிட்டு, 2.4இல் ஏற்கெனவே நெரிசல் குறைவாக உள்ள சேனலை, 1, 6, 11 ஆகியவற்றிலிருந்து தேர்ந்தெடுங்கள். கூரைமேல் இன்னொரு கருவி வைப்பதானால், கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. மாநகராட்சிக் கம்பத்தில் மாட்ட நினைத்தால் அனுமதி வேண்டும். அந்தக் கோரிக்கையைப் பகுதி சபைக் கூட்டத்தில் வைத்தால் பதிவாகும். மின்தடைக்கு 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். ஒன்று போதும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தலைகாட்டும். பயனர் தம் கைபேசி எண்ணைக் கொடுத்து, வரும் ஓ.டி.பி.யை உள்ளிட்டால்தான் இணையம் திறக்கும். ரீசார்ஜ் முடிந்து சில நாட்களானால் குறுஞ்செய்தி வருவதும் நின்றுவிடும் என்பதால், டேட்டா போடப் பணமில்லாமல் உங்களைத் தேடி வருபவருக்கே கதவு திறக்காமல் போகும். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்திய பிறகு இந்த நிலை கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது. இதற்கு ஒரு வழி உண்டு: வாணி செயலியில் ஒருமுறை பதிவு செய்து சரிபார்த்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. தேட வேண்டியதில்லை. ஆகவே கடைக்கு வழக்கமாக வருபவர்களின் செயலிப் பதிவை, ரீசார்ஜ் செல்லுபடியாகும் நாட்களிலேயே முடித்துக்கொடுங்கள்.

முதல் வாரம் மாலை வேளைகளில் பொறுமையுள்ள ஒருவரை, கல்லூரி மாணவியாக இருந்தால் நல்லது, கடையில் உட்கார வையுங்கள். ஓய்வூதியம் வந்ததா என்று பார்க்க வரும் பாட்டியின் போனைப் பிடுங்கி நாமே தட்டிக்கொடுப்பது சுலபம். ஆனால் அடுத்த மாதமும் அவர் நம்மிடம்தான் வந்து நிற்பார். விரலை அவர் வைக்கட்டும், எங்கே வைப்பது என்பதை மட்டும் நாம் சொல்லலாம். ஓ.டி.பி.யை உரக்கப் படித்துச் சொல்ல வேண்டாம் என்பதையும், வங்கி வேலைக்குப் பொது வைஃபையைத் தவிர்ப்பது நல்லது என்பதையும் அப்போதே சொல்லிக்கொடுங்கள். பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள். அதற்குக் கீழே கூப்பன் விலையும், கடை திறந்திருக்கும் நேரமும், இணைப்பு அறுந்தால் யாரைக் கேட்பது என்பதும் இருக்கட்டும்.