வேர் ஆர் யூ ஃப்ரம்னு கேட்டா என்ன சொல்றது?

வெளிநாட்டுக்குப் புதுசா வந்தவங்க கிட்ட எல்லாரும் முதல்ல கேக்குறது இதான். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு ஐ ஆம் கமிங் ஃப்ரம்னு ஆரம்பிச்சு ஊர் பேரச் சொன்னேன், பக்கத்து சீட்காரர் பதறிப்போய் இப்பதான் ஃப்ளைட்ல இறங்குனீங்களா, தூங்கவே இல்லையான்னு கேட்டார். நான் வந்து அப்பவே மூணு வாரம் ஆச்சு.

விஷயம் என்னன்னா தமிழ்ல "வர்றேன்"ங்குற ஒரே வார்த்தைய வச்சு சொந்த ஊரையும் சொல்லிடலாம், இப்ப வந்துட்டு இருக்குறதையும் சொல்லிடலாம், இங்கிலீஷ்ல அது ரெண்டா பிரியுது. ஐ கம் ஃப்ரம்னா சொந்த ஊரு, ஐ ஆம் கமிங் ஃப்ரம்னா இப்ப அங்கருந்து வந்துட்டு இருக்கேன். ரெண்டும் குழப்பமா இருந்தா கம்மையே விட்டுடுங்க, ஐ ஆம் ஃப்ரம் போதும், அதான் எல்லாரும் பேசுறது. ஹெய்ல் ஃப்ரம்னாலும் சொந்த ஊருதான், ஆனா மேடைல பேசுற மாதிரி இருக்கும், வேணாம்.

ஆனா ஏர்போர்ட் கவுண்டர்ல வேர் ஆர் யூ கமிங் ஃப்ரம் டுடேன்னு கேட்டா அது சொந்த ஊர் இல்ல, எங்கருந்து பயணம் பண்ணி வர்றீங்கன்னு கேக்குறாங்க. வேர் ஆர் யூ பேஸ்ட்னா இப்ப குடியிருக்குற ஊரு.

அப்புறம் இந்த நேட்டிவ். மை நேட்டிவ் இஸ் அப்படின்னு நமக்குள்ள சொன்னா புரியும், இங்க முழிப்பாங்க. ஹோம்டவுன்னு சொல்லுங்க, இல்ல ஐ க்ரூ அப் இன்னு சொல்லுங்க. பொறந்தது ஒரு ஊரு வளந்தது ஒரு ஊருன்னா ஒரிஜினலி ஃப்ரம்னு போட்டு முதல் ஊரச் சொல்லிட்டு பட் ஐ க்ரூ அப் இன்னு அடுத்தத சேத்துக்கலாம். சின்ன கிராமம்னா பேரச் சொல்லி ஸ்பெல்லிங் வரைக்கும் இழுக்காதீங்க (நான் இழுத்திருக்கேன்), நாட்டையும் பக்கத்துல இருக்குற பெரிய ஊரையும் சொல்லி நியர்னு ஒட்டவச்சா முடிஞ்சது.

சிலர் அதுக்கப்புறமும் நோ, வேர் ஆர் யூ ரியலி ஃப்ரம்னு நோண்டுவாங்க. இங்கயே பொறந்த நம்ம பசங்களுக்கு அது சுருக்குனு குத்தும், அதனால நீங்க அடுத்தவங்கள அப்படி கேட்டுடாதீங்க. தெரியணும்னா ஆர் யூ ஃப்ரம் அரவுண்ட் ஹியர்னு கேளுங்க, சொல்ல இஷ்டம் இருந்தா அவங்களே மிச்சத்த சொல்வாங்க.