மாடு மேய்க்க விளை பாட்டத்துக்கு எடுக்கும்போது

குமரியில் மாடு மேய்க்கவென்றே தனியாகக் கிடக்கும் நிலம் அபூர்வம். பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, கிடைப்பது பெரும்பாலும் தென்னை விளையின் (தோப்பின்) அடிப்புல், இல்லையென்றால் கும்பப்பூ நெல் அறுத்த வயல். அதனால் சென்ட் கணக்கில் விலை பேசாமல் புல்லை எடை போட்டுப் பேசுங்கள்.

ஒரு மீட்டர் சதுரத்துக்கு நாலு குச்சி நட்டு, அதற்குள் இருக்கும் புல்லை அறுத்து நிறுங்கள். செழிப்பான இடம், சுமாரான இடம், மோசமான இடம் என்று ஐந்தாறு இடமாவது பாருங்கள். சராசரி அரை கிலோ வந்தால் 50 சென்டில், அதாவது சுமார் 2,000 சதுர மீட்டரில், 1,000 கிலோ புல் இருக்கும். மாட்டின் வாய்க்குப் போவது அதில் பாதிதான். மீதி மிதிபடும், சாணத்தில் கெடும், மறுபடி தளிர்க்க அடிப்புல்லும் நிற்க வேண்டும். 400 கிலோ எடையுள்ள பசு புல்லை மட்டும் நம்பினால் நாளுக்கு 40 கிலோ தின்னும்; 12 நாளில் விளை மொட்டை. பாதித் தீனியை வைக்கோலும் கலப்புத் தீவனமுமாகத் தொழுவத்தில் கொடுத்தால் 25 நாள் ஓடும். ஆனி, ஆடி மழையில் மூன்று, நாலு வாரத்தில் மறுபடி தழைக்கும். பங்குனி வெயிலில் அந்த நம்பிக்கை வேண்டாம்.

மாட்டைத் தென்னையில் கட்டாதீர்கள். கயிறு மரத்தைச் சுற்றிக்கொள்ளும், தேங்காயும் தலையில் விழும். 25 அடி இடைவெளியில் நட்ட விளையானால் நாலு மரத்துக்கு நடுவில் குற்றி அடித்து 3 மீட்டர் கயிற்றில் கட்டுங்கள். கழுத்து நீளுவதையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு சென்ட் மேயும், மரத்தைச் சுற்றி உரம் போடும் தடத்துக்குள் வாய் எட்டாது. காலையில் ஒரு இடம், மதியத்துக்கு மேல் இன்னொரு இடம்.

தடத்தை விட்டு விலக்குவதற்குக் காரணம் யூரியா. உரம் போட்டு மண் மூடாத தடம், உப்பு ருசிக்கு மாடு நக்கும் காலிச் சாக்கு, உரம் கரைத்த வாளித் தண்ணீர் எல்லாமே மாட்டைக் கொல்லும் சங்கதிகள். உரம் வைக்கும் நாளை உடைமைக்காரர் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். நல்ல மழை பெய்து கரைந்த பிறகுதான் மாட்டை இறக்க வேண்டும். பக்கத்து வேலிக்கு அப்பால் மரச்சீனி (மரவள்ளி) நிற்கிறதா என்றும் பாருங்கள். பச்சை இலையைத் தின்ற கொஞ்ச நேரத்திலேயே மூச்சுத் திணறி விழும். உடனே மருத்துவர் வந்து ஊசி போட்டால்தான் பிழைக்கும். ரப்பர் தோட்டம் வேண்டவே வேண்டாம். கொட்டையில் சயனைடு விஷம், போதாததற்குப் பால் நிறைந்த சிரட்டையைத் தட்டிவிட்டதற்குத் தகராறு.

வயலில் நீர் வடிந்து மண் காய்ந்த பிறகே இறக்குங்கள். ஈர வயலின் நத்தை வழியாகத் தட்டைப்புழு வரும். மேய்ச்சல் முடிந்ததும் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் சோதித்துக் குடற்புழு மருந்து கொடுங்கள்.

பாட்டச்சீட்டை 11 மாதத்துக்கு எழுதுவதே வழக்கம். "மேய்ச்சலுக்கு மட்டும், சாகுபடி உரிமை இல்லை" என்று ஒரு வரி சேருங்கள். பயிர் செய்யும் குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற விடாத 1955-ம் வருடச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்துத் தயங்கும் உடைமைக்காரர் அந்த வரியைப் பார்த்தால் இறங்கி வருவார். வேலி பிரிந்தால் யார் கட்டுவது, கிணற்று மோட்டார் கரண்டு யார் கணக்கு, சாணம் யாருக்கு என்பதையும் எழுதுங்கள். சண்டை அதிகம் வருவது சாணத்தில்தான்.

முதல் நாள் வயிறு நிறைய வைக்கோல் போட்டுவிட்டு ஓட்டிப் போங்கள். பசித்த மாடு பார்த்ததையெல்லாம் கடிக்கும், இளம்புல்லை வாரித் தின்று வயிறும் உப்பும்.