பிரஸ் ரிலீஸ் அனுப்பும் வேலைக்குப் புரோபோசல் எழுதுவது எப்படி?

நான் எழுதிய முதல் புரோபோசலில் ஒரு வரி இருந்தது: "உங்கள் செய்தி 15 பத்திரிகைகளில் வெளியிடப்படும்." அந்த வரியைப் பார்த்துத்தான் கிளையண்ட் சரி என்றார். கடைசியில் வந்தது நான்கு பத்திரிகைகளில். அதிலும் ஒன்றில் கடைப் பெயர் தப்பு. "பதினஞ்சுன்னு எழுதிக் குடுத்தீங்களே தம்பி, மீதி பதினொண்ணு எங்கீங்க?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பாக்கிப் பணம் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது.

"வெளியிடப்படும்" என்ற இடத்தில் "அனுப்பப்படும்" என்று எழுதியிருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது. அனுப்புவது நம் கையில் இருக்கிறது. போடுவதும் போடாமல் விடுவதும் பத்திரிகை டெஸ்க்கின், அதாவது செய்தியைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் குழுவின் கையில். புரோபோசலில் ஒவ்வொரு பகுதியை எழுதும்போதும் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு கோவையில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். புதிய மாடல் ஒன்றை இறக்குகிறார்கள், ஈரோட்டில் ஷோரூம் திறக்கிறார்கள்.

படி 1: எழுதும் முன் ஒரு போன்

மூன்று விஷயம் கேளுங்கள். என்ன புதிதாக நடக்கிறது? யார் படிக்க வேண்டும்? எந்தத் தேதிக்குள்?

முதல் கேள்விக்கு "நாங்க 20 வருஷமா தரமா பண்றோம்" என்று பதில் வந்தால் அங்கே செய்தி இல்லை. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருப்பதை வைத்து ஏதாவது எழுதலாமே என்றும் கேட்பார்கள். அது கோவை நிருபர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை. ஷோரூமில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கிறது, புதிய மாடல் எவ்வளவு மின்சாரம் மிச்சப்படுத்துகிறது, அதற்குச் சோதனைச் சான்று இருக்கிறதா என்று நோண்டினால் ஏதாவது கிடைக்கும். ஒன்றுமே கிடைக்காவிட்டால், விளம்பரமாகப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிடுவேன். ஒரு வேலை போகும்தான். ஆனால் அதே ஆள் அடுத்த முறை செய்தியோடு வருவார்.

படி 2: முதல் பக்கம் அவர்களுக்கு

புதியவர்கள் பலரும் முதல் பக்கத்தைத் தங்கள் நிறுவன வரலாற்றால் நிரப்புகிறார்கள். அதை யாரும் படிப்பதில்லை. போனில் அவர்கள் சொன்னதையே நான்கைந்து வரியில் திருப்பி எழுதுங்கள்:

"ஈரோடு ஷோரூம் திறப்பு பற்றி ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டக் குடும்பங்களுக்கும் வீட்டு உபயோகப் பொருள் விற்கும் கடைக்காரர்களுக்கும் தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கான திட்டம் இது."

உங்களைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி போதும்.

படி 3: என்னென்ன செய்வீர்கள்

இங்கே எண்ணிக்கையோடு எழுதுங்கள். செய்திக்குறிப்பு (அதாவது பிரஸ் ரிலீஸ்) தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் (நான் இரண்டு என்று போடுவேன்). புகைப்படம் யார் எடுப்பது. எந்தப் பட்டியலுக்கு அனுப்புவது.

தமிழ்க் குறிப்பைத் தமிழிலேயே எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி மெஷினில் மொழிபெயர்த்து அனுப்பினால் உதவி ஆசிரியர் இரண்டாவது வரியிலேயே மூடிவிடுவார்.

பட்டியலில் "முன்னணி ஊடகங்கள்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். தினத்தந்தி, தினமலர், தினகரன், தினமணி, இந்து தமிழ் திசை என்று பெயர் போடுங்கள். எந்தப் பதிப்புக்கு என்றும் எழுதுங்கள். ஈரோடு நிருபருக்குக் கொடுத்த செய்தி மாவட்டப் பக்கத்தில் வரலாம். அது சென்னையிலும் வந்திருக்கும் என்று நினைத்து கிளையண்ட்டின் மைத்துனர் மாம்பலத்தில் பேப்பர் வாங்கித் தேடுவார், பார்த்திருக்கிறேன்.

வயர் சர்வீஸைத் தனியாகக் குறிப்பிடுங்கள். 1954-இல் தொடங்கிய பிஆர் நியூஸ்வயர், 1961-இல் தொடங்கிய பிசினஸ் வயர் போன்றவை காசு வாங்கிக்கொண்டு செய்திக்குறிப்பைப் பல தளங்களுக்கு ஒரே நேரத்தில் தள்ளிவிடும். பிடிஐ செய்தி நிறுவனம் வழியாக வரும் பிஆர் நியூஸ்வயர் குறிப்புகளின் அடியில், இதற்கு ஆசிரியர் குழு பொறுப்பேற்காது என்ற வரி இருக்கும். அப்படி வருவது வேறு, நிருபர் கேட்டு எழுதி வருவது வேறு. ஈரோடு ஷோரூமுக்கு வயர் தேவையே இல்லை என்பது என் எண்ணம். ஏற்றுமதி, முதலீடு மாதிரி விஷயம் என்றால் யோசிக்கலாம்.

படி 4: என்ன செய்ய மாட்டீர்கள்

புரோபோசலிலேயே முக்கியமான பகுதி இதுதான். கிளையண்ட் ஓடிவிடுவாரோ என்ற பயத்தில் பலர் இதைக் கடைசியில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். நான் விலைக்கு முந்தைய பக்கத்திலேயே பெரிதாகப் போடுகிறேன். கீழே இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"மேலே உள்ள பட்டியலுக்குச் செய்திக்குறிப்பை அனுப்பி, நிருபர்களிடம் பேசுவது எங்கள் பொறுப்பு. வெளியிடுவது, சுருக்குவது, தலைப்பை மாற்றுவது, நிறுத்தி வைப்பது ஆகியவை அந்தந்தப் பத்திரிகையின் முடிவு. வெளியாகும் எண்ணிக்கைக்கு நாங்கள் உத்தரவாதம் தருவதில்லை. வெளியாகும் நாளைக்கும் உத்தரவாதம் இல்லை."

இதைப் படித்ததும் "அப்புறம் எதுக்குங்க உங்களுக்குக் காசு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. செய்தியாக எழுதத் தெரிந்ததற்கும், யாருக்கு எப்போது அனுப்புவது என்று தெரிந்ததற்கும்தான் காசு. மத்திய பட்ஜெட் வரும் பிப்ரவரி 1 அன்று கிரைண்டர் செய்தியை அனுப்பினால் இடம் கிடைக்காது என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

அடுத்து, "கவர் குடுத்தா போட்டுருவாங்கல்ல?" என்றும் கேட்பார்கள். அதற்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்: நிருபர்களுக்குப் பணமோ பரிசோ தரப்பட மாட்டாது, காசு கொடுத்து வாங்கும் இடம் எதுவானாலும் அது விளம்பரம் என்ற குறிப்போடுதான் வரும்.

கூகுள் தேடலில் முதலிடம் என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். செய்திக்குறிப்புக்குள் விற்பனைச் சொற்களைத் திணித்து இணைப்பு கொடுப்பதை 2013-இலேயே கூகுள் முறைகேடான இணைப்புகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

படி 5: விலை

மொத்தமாக ஒரே தொகை போட்டால் பேரம் பேசும்போது எதைக் குறைப்பது என்று தெரியாமல் முழிப்பீர்கள். பிரித்துப் போடுங்கள். கணக்குக்காகச் சில எண்கள்:

இரு மொழியில் எழுதுவது ரூ.8,000
அனுப்புவது, நிருபர்களிடம் பேசுவது ரூ.10,000
கிளிப்பிங் (பத்திரிகையில் வந்த செய்தியின் நறுக்கு) சேகரித்து அறிக்கை தருவது ரூ.4,000
கூட்டுத்தொகை ரூ.22,000
ஜிஎஸ்டி 18% ரூ.3,960
மொத்தம் ரூ.25,960

நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்திருந்தால்தான் அந்த வரி. பதிவு இல்லாமல் வசூலிக்கக் கூடாது. வயர் சர்வீஸ் கட்டணத்தை இதில் கலக்க வேண்டாம், கிளையண்ட் நேரடியாகக் கட்டட்டும். நம் கையிலிருந்து போட்டுவிட்டுப் பின்னால் அலைவது பெரிய தலைவலி.

தொகையைக் குறைக்கச் சொன்னால் ஒரு வேலையையும் சேர்த்துக் குறையுங்கள். ஆங்கிலக் குறிப்பை எடுத்துவிடுகிறேன், இவ்வளவு குறையும் என்று சொல்லலாம்.

படி 6: அறிக்கையும் பணமும்

அனுப்பிய ஏழாவது நாள் என்ன தருவீர்கள் என்று எழுதுங்கள். யாருக்கு எப்போது அனுப்பினோம் என்ற பட்டியல், அச்சில் வந்த கிளிப்பிங், இணையத்தில் வந்தவற்றின் முகவரி. வயர் மூலம் தானாக ஏறிய பக்கங்களுக்குத் தனிப் பட்டியல். இரண்டையும் கலந்து "150 இடத்தில் வந்தது" என்று காட்டினால் முதல் முறை கைதட்டு கிடைக்கும். அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் நாளில் மானம் போகும்.

செய்தி வந்த இடத்தை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி "இத்தனை லட்சம் மதிப்பு" என்று காட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று மக்கள் தொடர்பு வேலையை அளப்பதற்காக 2010-இல் வெளியான பார்சிலோனா கோட்பாடுகளே சொல்லிவிட்டன. ஷோரூமுக்கு வந்தவர்களிடம் "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அது உருப்படியான கணக்கு.

பணத்தில் பாதி அட்வான்ஸ், அறிக்கை கொடுத்த 15 நாளில் மீதி என்பது என் வழக்கம். மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிந்துகொள்ளுங்கள், இலவசம்தான். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தரும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வட்டி கேட்க உரிமை உண்டு. பதிவு எண்ணை பில்லில் போட்டுவைத்தால் பாதிப் பேர் அதைப் பார்த்தே நேரத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கடைசியாக, நான்கு பக்கத்துக்குள் பிடிஎஃப் ஆக்கி மெயிலில் அனுப்பிவிட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். இரண்டு நாள் கழித்துப் போன் செய்யுங்கள். அப்போது விலையைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். "செய்ய மாட்டோம்னு ஒரு பக்கம் இருக்குங்களே, அதைப் படிச்சீங்களா?" என்று நேராகவே கேளுங்கள். படிக்கவில்லை என்றால், போனிலேயே வாசித்துக் காட்டிவிடுங்கள்.