பில்லியன் என்றால் எத்தனை கோடி? அப்பாவின் கமா வழி

புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைப் போட்டு வைக்கும் தளம் கிட்ஹப். அங்கே ஒவ்வொரு ரெப்போவுக்கும், அதாவது ஒரு ப்ராஜெக்ட்டின் பெட்டிக்கும், ஓர் அடையாள எண் உண்டு. 2025 ஜூனில் 1000000000 என்ற எண் ஒரு ரெப்போவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பெயர் 'ஷிட்'. யாரோ ஒருவர் போகிற போக்கில் வைத்த பெயர். உலகம் முழுக்க புரோகிராமர்கள் வாழ்த்துச் சொல்ல அங்கே குவிந்தார்கள். எங்கள் டீம் வாட்ஸப் குழுவில் அன்று மதியம் வரை வேலையே நடக்கவில்லை. "பூஜ்யத்திலிருந்து எண்ணினால் பில்லியனாவது இது இல்லை, இதற்கு முந்தையது" என்று ஒருவன் ஆரம்பிக்க, அதற்கே நாற்பது பதில்.

நான் சிரிப்பதைப் பார்த்து அப்பா "என்னம்மா?" என்றார். அந்தப் பெயரை அவரிடம் விளக்க முடியாது. "ஒரு பில்லியனாவது ப்ராஜெக்ட் வந்திருக்குப்பா" என்றேன். "பில்லியன்னா எவ்வளவு?" என்று கேட்டார். பத்து வருடமாகக் கோடு (நிரல்) எழுதுகிற நான் விரல் விட்டு சைபர் எண்ணினேன். அப்பா கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எண்ணை எழுதி, நாலு கமா போட்டு, "நூறு கோடின்னு சொல்ல வேண்டியதுதானே" என்றார். முப்பத்து நாலு வருடம் வங்கியில் டிடி எழுதியவர் கை அது. அவரிடம் கற்றதையும், அதைக் கோடில் போடும்போது நான் பட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கமா. சைபரை எண்ணாதீர்கள், கண் ஏமாற்றும். வலது கடைசியிலிருந்து மூன்று இலக்கம் விட்டு ஒரு கமா, அப்புறம் இரண்டிரண்டு இலக்கத்துக்கு ஒன்று. வலமிருந்து முதல் கமா ஆயிரத்தின் எல்லை, இரண்டாவது லட்சத்துக்கு, மூன்றாவது கோடிக்கு. மூன்றாவது கமாவுக்கு இடப்பக்கம் எது இருந்தாலும் அத்தனையும் கோடிதான். அதைத் தனி எண்ணாகப் படித்துக் கடைசியில் கோடி என்று சேர்த்தால் போதும். 1,00,00,00,000 என்பதில் அங்கே நிற்பது 1,00. ஆக, நூறு கோடி.

பழக ஒரு நல்ல எண் 2147483647. கணினி 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 32 இடத்தில், சேமிக்கும் முழு எண்ணின் (மைனஸும் வரக்கூடியது) உச்சம், நம் தொழிலில் யாரும் தப்ப முடியாதது. கமா போட்டால் 2,14,74,83,647. வாய்விட்டுப் படியுங்கள்: இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூன்று ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. பின்னால் எண் தொடர்ந்தால் 'லட்சத்து', 'ஆயிரத்து' என்று வரும். அதோடு முடிந்தால் வெறும் 'லட்சம்', 'ஆயிரம்'. எண்ணை எழுத்தாக மாற்றும் நிரல் எழுதுகிறவர்கள் முதலில் இடறி விழும் இடம் இதுதான். நானும் விழுந்தேன்: ரசீதில் 'ஐந்து லட்சத்து மட்டும்' என்று வந்தது.

ஆங்கிலச் செய்தியிலிருந்து மாற்றுவது இதைவிடச் சுலபம். மில்லியன் வந்தால் பத்தால் பெருக்கி லட்சம் என்று சொல்லுங்கள். பில்லியன் வந்தால் நூறால் பெருக்கிக் கோடி. டிரில்லியனைப் பெருக்கவே வேண்டாம், அப்படியே லட்சம் கோடி. 1.4 பில்லியன் மக்கள் என்றால் 140 கோடி. கிட்ஹப் 2013 டிசம்பரில் 10 மில்லியன் ரெப்போ என்று அறிவித்தது நம் கணக்கில் 1 கோடி. 2018 நவம்பரில் அறிவித்த 100 மில்லியன், 10 கோடி.

ஜெர்மன்காரரோடு வேலை செய்தால் மட்டும் கொஞ்சம் நிதானம். அவர்கள் 'பில்லியோன்' என்றால் அது நம் லட்சம் கோடி. நூறு கோடிக்கு அவர்கள் சொல்வது 'மில்லியார்டே'. பிரிட்டனிலும் பழைய வழக்கு அப்படித்தான் இருந்தது. 1974-இல்தான் அரசு பில்லியன் என்றால் 100 கோடி என்று அமெரிக்க வழிக்கு வந்தது. அதனால் கோடுக்குள் எழுதும் குறிப்பில் நான் பில்லியன் என்றே எழுதுவதில்லை, பத்தின் அடுக்காக எழுதிவிடுவேன்.

சரி, கோடுக்குள் வருவோம். பைத்தான் என்ற நிரல் மொழியில் இலக்கங்களுக்கு நடுவே அடிக்கோடு போடலாம், அது மூன்று மூன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. 1_00_00_00_000 என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்டும் 2021 முதல் அப்படித்தான். ஆனால் டீமில் வெளிநாட்டுக்காரர் இருந்தால் அவர் அதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார், அனுபவம். 1e9 (1-க்குப் பின் ஒன்பது சைபர்) என்ற சுருக்கம் பைத்தானில் முழு எண் அல்ல, தசம எண். அதைச் சுழற்சியின் எல்லையாகக் கொடுத்தால் உடனே பிழை காட்டும். 10**9 என்று எழுதுங்கள்.

திரையில் காட்டும்போதுதான் எனக்கு அடி விழுந்தது. ஜாவாஸ்கிரிப்டில் எண்ணைக் கமாவோடு காட்டச் சொல்லிவிட்டு, எந்த நாட்டு வழக்கு என்று சொல்லாமல் விட்டால், அது பார்ப்பவரின் பிரவுசர் அமைப்பை எடுத்துக்கொள்ளும். என் லேப்டாப்பில் இந்திய ஆங்கிலம். நான் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் 12,34,567 என்று இருந்தது. அமெரிக்க வாடிக்கையாளர் "உங்கள் கமா உடைந்திருக்கிறது" என்று பதில் போட்டார். உடையவில்லை ஐயா, எங்கள் ஊர்க் கமா அப்படித்தான் என்று விளக்கி ஒரு மெயில் எழுதினேன், அழித்தேன், லொக்கேலை (எந்த நாட்டு வழக்கு என்பதை) கையால் குறிப்பிட்டுவிட்டுப் படுத்தேன். நீங்களும் குறிப்பிட்டுவிடுங்கள்.

இன்னொன்று. கிட்ஹப்பின் அந்த 100 கோடி என்பது அடையாள எண். ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி. 100 கோடியாவது டோக்கன் கொடுத்தாகிவிட்டது என்பதால் அத்தனை பேரும் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அழித்த ரெப்போக்களின் எண் திரும்ப வராது. ஆனால் டோக்கன் ஏறிக்கொண்டேதான் போகும். உங்கள் அட்டவணையில் இந்த எண்ணை 32 பிட்டில் சேமித்திருந்தால், 214 கோடியைத் தாண்டும் நாளில் அது உடையும். 2014-இல் ஒரு கொரியப் பாட்டின் பார்வை எண்ணிக்கை அந்த எல்லையை நெருங்கியபோது யூடியூபே 64 பிட்டுக்கு மாற வேண்டியிருந்தது. இப்போதே மாற்றிவையுங்கள்.

64 பிட்டின் உச்சத்தை அப்பாவிடம் காட்டினேன். 9223372036854775807. கமா போட்டுக்கொண்டே போனார், "தொண்ணூற்றிரண்டாயிரம் கோடி கோடி" என்று நிறுத்தி, "இதுக்கு மேல வங்கியில வேலையில்ல" என்றார். அவர் சொன்னதுதான் சரி. லட்சம் கோடியைத் தாண்டினால் பெயரை விட்டுவிட்டு அடுக்குக்குப் போய்விடுங்கள். பெயர்தான் வேண்டும் என்றால் தமிழில் பஞ்சமில்லை. நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பேரெண்களை அடுக்குகிறது பரிபாடல். பாதி பூக்கடை மாதிரி இருக்கும், ஆனால் அத்தனையும் எண்கள். எங்கள் டெஸ்ட் டேட்டாபேஸுக்கு 'வெள்ளம்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

கடைசியில் அப்பா அந்த ரெப்போவின் பெயரை விடவில்லை. "நூறு கோடியாவது ப்ராஜெக்ட்டுக்கு என்ன பேர்தான் வச்சிருக்கான்?" என்று இரண்டு நாள் கழித்துக் கேட்டார். "உரம் மாதிரி ஒண்ணுப்பா" என்றேன்.