முடிவெடுக்க முடியலையா? காசைச் சுண்டுங்க!

வேலையை மாற்றலாமா, பழைய பைக்கைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கலாமா என்று மாதக்கணக்கில் மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருக்கிறீர்களா? பூவா தலையா போட்டுப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த ஸ்டீவன் லெவிட் இதையே ஆய்வாகச் செய்தார். முடிவெடுக்கத் திணறியவர்கள் இணையத்தில் 20,000 தடவைக்கும் மேல் காசு சுண்டினார்கள். தலை விழுந்தால் மாற்றம், பூ விழுந்தால் இருப்பதே தொடரும். வேலையை விடுவது போன்ற பெரிய விஷயங்களில் தலை விழுந்தவர்கள், 6 மாதம் கழித்துக் கேட்டபோது மற்றவர்களைவிடச் சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னார்கள். (எல்லாரும் தாங்களாகவே வந்து கலந்துகொண்டவர்கள், அவரவர் சொன்னதுதான் கணக்கு. வேதவாக்காக எடுக்க வேண்டாம்.)

தயங்கும் குணமுள்ளவர்கள் பெரும்பாலும் இருப்பதையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். காசு அந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்துகிறது, அவ்வளவுதான்.

செய்யும் முறை: எந்தப் பக்கம் எதற்கு என்று முதலிலேயே தாளில் எழுதிவிடுங்கள். சுண்டுவது ஒரே தடவை. "மூணுல ரெண்டு" என்று இழுத்தால் நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். விழுந்ததைப் பார்த்ததும் "அய்யோ" என்று இருந்தால், அதற்கு எதிரானதைச் செய்யுங்கள்.

பார்த்ததும் வாங்கிவிடும் கை வேகக்காரர்களுக்கு இது ஆகாது. அவர்கள் ஒரு ராத்திரி தள்ளிப்போட்டாலே போதும். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதையும் காசிடம் கேட்காதீர்கள்.