குழந்தையின் பகல் தூக்கத்தை நிறுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலை எட்டரைக்கு விட்டுவிட்டு, சாயங்காலம் ஆறரைக்கு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். போன மாதம் 11 மாதப் பையன் ஒருவன் புதிதாக வந்தான். அவன் அம்மா செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "அக்கா, இவன் காலையில தூங்கறத விட்டுட்டான். மத்தியானம் ஒரு தடவ போட்டாப் போதும்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். அஞ்சு நாளாம்.

எனக்குச் சுருக்கென்றது. என் பெரியவனுடைய அதே 11வது மாதத்தில் இதே பேச்சை அவன் ஆயாவிடம் நானும் பெருமையாகப் பேசியிருக்கிறேன். எனக்குப் பிறகு எத்தனையோ பேர் இதே வாசலில் நின்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். செல்போன் காட்டித் தூங்க வைக்காதே, தூங்கட்டும் என்று சளி மருந்து ஊற்றாதே என்பதெல்லாம் தெரிந்த கதை, அதற்குள் போகவில்லை.

கணக்கை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 6 மாத வாக்கில் பகலில் 3 தூக்கம் இருக்கும். 7 முதல் 9 மாதத்துக்குள் சாயங்காலத் தூக்கம் தானாக நின்று 2 ஆகும். அந்த 2 தூக்கம் ஒன்றாகக் குறைவது பெரும்பாலும் 14 முதல் 18 மாதத்துக்குள். அந்த ஒன்றும் போவது பல பிள்ளைகளுக்கு 3 வயதுக்கு மேல்தான், சிலருக்கு 5 வயது வரை இழுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னபடி, 4 முதல் 11 மாதம் வரை ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும். 1, 2 வயதில் 11 முதல் 14 மணி நேரம். பகல் தூக்கமும் இதில் சேர்த்தி.

நான்கு நாள் அடம் பிடித்ததும் ஒரு தூக்கத்தையே நிறுத்துவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெரியவன் அப்போது சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தான். காலை பத்து மணிக்குத் தூளியில் போட்டால், புடவையை விலக்கித் தலையை வெளியே நீட்டிச் சிரிப்பான். படுக்க வைத்தால் மறுபடி தலை. முக்கால் மணி நேரம் ஆட்டித் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். அடுப்பில் பருப்பு. தெருவில் தண்ணி லாரி வந்துவிட்டதென்று குடங்கள் உருளுகிற சத்தம். நான்காம் நாள், சரி, பையன் வளர்ந்துவிட்டான், இனி மத்தியானம் மட்டும் போதும் என்று முடிவு கட்டினேன்.

முதல் இரண்டு நாள் ஜோராகப் போனது. மத்தியானம் போட்டதுமே இரண்டரை மணி நேரம் தூங்கினான். எல்லோரும் ஏமாறுகிற இடம் இதுதான். மூன்றாம் நாளிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி அடித்தால் வேறு பிள்ளை. டம்ளரைக் கொடுத்தால் அழுகை, வாங்கினால் அழுகை. ஒரு நாள் இட்லியை வாயில் வைத்தபடியே தூங்கிப்போனான். விரலை விட்டு எடுத்தேன். அன்று இரவு பத்துக்கு, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு என்று எழுந்து, நாலு மணிக்கு முழுதாக விழித்துவிட்டான். காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற பெண்கள் கூடையோடு ஆட்டோ ஏறுகிற நேரத்தில், நானும் இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன்.

இப்படியே மூன்று வாரம். பல் முளைக்கிறது என்றோம். வயிறு என்றோம். மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். ஒரே அறை வீடு, இவன் கத்தினால் யாருக்கும் தூக்கமில்லை. வீட்டுக்காரர் அப்போது கன்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். துறைமுகத்துக்குப் போகிற வரிசையில், எண்ணூர் நெடுஞ்சாலையில், ஒரு விடியற்காலை கண் செருகி முன்னால் நின்ற வண்டியில் இடித்துவிட்டார். ஊர்ந்துகொண்டிருந்த வரிசை என்பதால் உயிருக்கு ஒன்றுமில்லை. செலவு எட்டாயிரம் ரூபாய். காலையில் முக்கால் மணி நேரம் தூளி ஆட்டச் சலித்துக்கொண்டதற்கு எட்டாயிரம்!

கடைசியில் டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பகல்ல எத்தனை தடவ தூங்கறான்?" ஒரு தடவைதான் டாக்டர் என்றேன், அப்போதும் பெருமையாக. அவர் மருந்துச் சீட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "காலைத் தூக்கத்த திருப்பிக் குடும்மா" என்றார். திருப்பிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் வீடு பழையபடி ஆனது.

விழித்திருக்கிற நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அதுதான் தூக்கத்தை இழுத்து வருவது, தூங்கினால் கரைந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குத் தூக்கத்தின் இந்த இழுப்பு நம்மைவிட வேகமாக ஏறும். அந்த நேரத்தில் தூங்க விடாமல் தாண்டிப் போனால், வந்த தூக்கம் கலைந்துவிடும். அதனால் களைத்த பிள்ளை சோர்ந்து கிடக்காது, துள்ளும். நாமோ 'எவ்ளோ சுறுசுறுப்பு பாரு, தூக்கமே தேவையில்ல' என்று நினைத்துக்கொள்வோம்.

10, 11, 12 மாதம் என்பது நிற்கவும் நடக்கவும் பழகுகிற நேரம். அம்மா கண்ணில் படாவிட்டால் அழுகிற வயதும் அதுதான். அந்த வேகத்தில் இரண்டு வாரம் வரை தூக்கத்துக்கு மறுப்பது சகஜம். மறுப்பது வேறு, தேவையில்லாமல் போவது வேறு.

அதனால் பகல் தூக்கத்தை விடுகிறதா என்பதைப் பகலில் பார்க்காதீர்கள். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை பாருங்கள். காலையில் தூங்காத நாளிலும் ஐந்து மணிக்கு விளையாடுகிறதா? ராத்திரிச் சாப்பாட்டை விழித்துச் சாப்பிடுகிறதா? இரவு உடையாமல் தூங்குகிறதா? இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாள் இப்படி இருந்தால், நேரம் வந்துவிட்டது. காலையில் நன்றாகத் தூங்கிவிட்டு மத்தியானம் உருண்டுகொண்டே கிடப்பதும், இரவுத் தூக்கம் பத்து மணிக்கு மேல் தள்ளிப்போவதும்கூட அடையாளங்கள்தான்.

போன மாதம் வந்த பையனை ஒன்பதே முக்காலுக்கு உள்ளறையில் பாயில் போட்டு, ஜன்னலில் கெட்டித் துணி கட்டி, பக்கத்தில் படுத்துக்கொண்டேன். முதல் நாள் இருபது நிமிஷம் என் வளையலை எண்ணிக்கொண்டிருந்தான். நான்காம் நாள் பத்து மணிக்கே குறட்டை. "உங்க வீட்ல மட்டும் எப்படிக்கா தூங்கறான்?" என்கிறாள் அவன் அம்மா. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் காலையிலேயே டிவி ஓடும், அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

ஒரே நாளில் வெட்டுவது

நிஜமாகவே நேரம் வந்த பிறகும் படிப்படியாகத்தான் போக வேண்டும். காலைத் தூக்கத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை 15 நிமிஷம் தள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்கு வந்ததும் அதுவே மத்தியானத் தூக்கமாகிவிடும், சாப்பாட்டை மட்டும் பதினொன்றரைக்கு முடித்துவிட வேண்டும். அந்த வாரங்களில் இரவு அரை மணி நேரம் முன்னதாகவே படுக்க வையுங்கள். ஏழரைக்கே தூங்க வைக்கிறாயா என்று வீட்டில் கேட்பார்கள், சீரியல் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் இன்னும் கேட்பார்கள். ஒரு நாள் இரண்டு தூக்கம், மறுநாள் ஒன்று என்று கொஞ்ச நாள் மாறி மாறி வந்தால் பயப்பட வேண்டாம்.

ராத்திரி தூங்கட்டும் என்று பகலில் விழிக்க வைப்பது

நடக்காது. மேலே சொன்ன மூன்று வாரத்தைத் திரும்பப் படியுங்கள்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வரும் தூக்கம்

ஒரு தூக்கத்துக்கு மாறுகிற நாட்களில், திருவொற்றியூர் கோயிலுக்குப் போய் வருகிற வண்டியிலேயே பிள்ளை சாய்ந்துவிடும். பாவம் என்று ஒரு மணி நேரம் விட்டால் நள்ளிரவு வரை நீங்கள்தான் பாவம். 15 நிமிஷத்தில் எழுப்பிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவது

அது பக்கத்து வீட்டுக் குழந்தை.

உட்காரத் தெரிந்த பிள்ளையைத் தூளியில் விட்டுவிட்டு நகர்வது

நான் செய்தேன். இன்று நினைத்தால் கை நடுங்குகிறது. பாய்க்கு மாற்றுங்கள்.

பள்ளிக்கூடம் என்று மூன்று வயதில் நிறுத்துவது

எல்கேஜி சேர்க்கப் போகிறோம், இப்போதே பழக்குகிறோம் என்று மூன்று வயதுப் பிள்ளையை மத்தியானம் உட்கார்த்தி வைக்கிறார்கள். அங்கன்வாடியில் பாருங்கள், சாப்பாடு முடிந்ததும் வரிசையாகப் படுக்க வைப்பார்கள். என் சின்னவள் நாலரை வயது வரை தூங்கினாள். கடைசி வருஷம் வாரத்தில் மூன்று நாள்தான், மற்ற நாள் சும்மா படுத்துக் கால் ஆட்டிக்கொண்டிருப்பாள், அதுவே போதும். மூன்று மணிக்குள் எழுப்பியும் இரவு ஒன்பதரைக்கு மேல் விழித்துக் கிடந்தால், அப்போது குறைக்கலாம். பள்ளி வேனிலேயே தூங்கிவிட்டிருந்தால், சீருடையை மாற்றுகிறேன் என்று எழுப்பாதீர்கள். ஷூவை மட்டும் கழற்றுங்கள்.