எம்பிஏ கிளாஸ்ல எதிக்ஸ் நடத்தணுமா? திருப்பூர்ல இருந்து ஆரம்பிங்க

பிசினஸ் எதிக்ஸ் பேப்பர் உங்க தலைல விழுந்தா முதல் நாளே டெஃபனிஷன் எழுதிப் போடாதீங்க, பசங்க மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்துருவாங்க. ஒரே ஒரு கேஸ எடுத்து நாலஞ்சு கிளாஸ் அதுலயே நில்லுங்க. தமிழ்நாட்டு பசங்களுக்கு திருப்பூர் சாயப்பட்டறை விவகாரத்த விட நல்ல கேஸ் இல்லைங்கறது என் கருத்து.

முதல்ல நடந்தத சொல்லிருங்க. பாசனத்துக்குன்னு நொய்யல் ஆத்துக்குக் குறுக்க 1992ல கட்டுன ஒரத்துப்பாளையம் அணைல சாயக்கழிவு வந்து தேங்குச்சு, தண்ணிய தொறந்து விடாதீங்கன்னு விவசாயிங்களே சொல்ற நிலைமை, கோர்ட்டுக்கும் போனாங்க. 2011 ஜனவரில, கழிவுநீர் துளிகூட வெளிய விடாத அளவுக்கு சுத்திகரிக்கற வரைக்கும் பட்டறைங்கள மூடச் சொல்லி சென்னை ஹைகோர்ட் உத்தரவு போட்டுச்சு. அதுல தொழிலாளிங்க பொழப்பு போனதையும் சொல்லுங்க, இல்லனா கிளாஸ் ஈசியா ஒரு பக்கம் சாஞ்சுரும்.

அடுத்து பசங்கள பிரிங்க: பட்டறை ஓனர், எக்ஸ்போர்ட்டர், வெளிநாட்டு பையர், விவசாயி, தொழிலாளி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி. சாயம் துணில பிடிக்க உப்பு நிறைய போடணும், அத தண்ணிலருந்து பிரிக்க ஆர்ஓ போட்டு மிச்சத்த காய்ச்சி வத்த வைக்கணும், செலவு பயங்கரமா இழுக்கும். அத யாரு ஏத்துக்கறதுன்னு பேரம் பேச விடுங்க. பையர் பீஸ் விலைய ஏத்த மாட்டேம்பாரு, எக்ஸ்போர்ட்டர் பட்டறை ரேட்ட அடிச்சுப் பேசுவாரு, கடைசில எல்லாம் ஆத்துல போய் முடியும். இத அவங்களே கண்டுபிடிக்கற வரைக்கும் நீங்க வாயத் தொறக்காதீங்க, கஷ்டம்தான், ஆனா அங்கதான் பாடமே இருக்கு.

சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிங்களோட சமூகப் பொறுப்பு, அதுக்கப்புறம் வரட்டும். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135: நெட் வொர்த் 500 கோடி, டர்ன்ஓவர் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணத் தொட்டா முந்தின 3 வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணணும். சமூகப் பொறுப்புனா இவ்ளோதான்னு நெனச்சுட்டு வர்ற பசங்ககிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. அந்த 2 சதவீதத்துல மரம் நட்டாச்சு சரி, லாபத்த எப்படி சம்பாதிச்சாங்க? சின்னப் பட்டறை இந்த வரம்புக்குள்ளயே வராதே, அப்ப அவங்களுக்கு பொறுப்பு கிடையாதா?

பரீட்சைல இப்படி கேளுங்க: நீங்க ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி பர்ச்சேஸ் மேனேஜர், ஒரு பட்டறை மட்டும் மத்தவங்கள விட ரொம்ப கம்மியா கோட் பண்ணுது, ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி என்னென்ன விசாரிப்பீங்க? யார் யாருக்கு நஷ்டம்னு எவ்ளோ தூரம் யோசிச்சிருக்காங்கன்னு பாத்து மார்க் போடுங்க. முடிஞ்சா காஸ்டிங் (செலவுக் கணக்கு) பாடம் எடுக்கறவங்ககிட்டயும் பேசி, சுத்திகரிப்பு செலவையும் சேத்து ஒரு கணக்கு அந்தப் பேப்பர்லயும் வைக்கச் சொல்லுங்க.